வந்த வழியை மறந்த கணினிகள்

பி.காம் படிக்கிறவன் எதுக்குக் கம்ப்யூட்டர் சரித்திரம் எழுதறான்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. காஸ்ட் அக்கவுண்டிங்கில் நாம எல்லாரும் மண்டை காய்ந்து படித்த லிஃபோ முறை ஞாபகம் இருக்கா? கடைசியாக வந்த சரக்கு முதலில் வெளியே போகும் என்று வைத்துக் கணக்குப் போடுவது. இந்தியக் கணக்கியல் தரம் 2-இலிருந்து 1999-லேயே அதைத் தூக்கிவிட்டார்கள். சர்வதேசத் தரத்திலிருந்து 2003-ல் தூக்கினார்கள். ஆனாலும் பாடப்புத்தகத்தை விட்டு அது போகவில்லை. ஆனால் அதே லிஃபோ இல்லாவிட்டால் உங்கள் செல்போன், வாஷிங் மெஷின், கார் எஞ்சின் எதுவும் ஒரு விநாடி கூட ஓடாது. அதில் ஒரு சின்னக் கணக்குப் பிழை வந்ததா இல்லையா என்று அமெரிக்காவில் ஒரு நீதிமன்றமே உட்கார்ந்து கேட்ட கதையும் இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். மளிகைக் கடை அண்ணாச்சி கடன் நோட்டில் வரவு எழுதிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒருவர் அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்கிறார். எழுதிய இடத்தை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, மேஜை மேல் நிற்கும் கம்பியில் குத்திவிட்டுப் பருப்பு போடப் போகிறார். பாதி போடும்போது போன் அடிக்கிறது. இதுவரை எத்தனை கிராம் போட்டோம் என்று இன்னொரு சீட்டு, அதையும் கம்பியில் குத்துகிறார். போன் முடிந்ததும் மேலே இருக்கும் சீட்டை எடுக்கிறார், பருப்பு வேலை தொடர்கிறது. அது முடிந்ததும் அடுத்த சீட்டு, கடன் நோட்டு தொடர்கிறது. கடைசியில் குத்தியது முதலில் வெளியே. புரோகிராமுக்குள் ஒரு வேலை இன்னொரு வேலையைக் கூப்பிடும்போதெல்லாம் கணினி செய்வது இதுதான். "இது முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்" என்ற முகவரியைக் குறித்து அடுக்கி வைக்கும். ஆங்கிலத்தில் இதற்கும் ஸ்டாக் என்றுதான் பெயர். நமக்கு ஸ்டாக் என்றால் குடோனில் இருக்கும் சரக்கு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், குழப்பம் வேண்டாம் என்று இதை மட்டும் இனி "அடுக்கு" என்றே எழுதுகிறேன்.

கம்பி குட்டையாக இருந்தால் என்ன ஆகும்? சீட்டு கீழே விழுந்தால்? யாரோ ஒரு சீட்டின் மேல் வேறு எதையோ கிறுக்கிவிட்டால்? இந்தக் கட்டுரை முழுக்க அதுதான்.

இந்த யோசனை கணினியின் வயதே ஆனது. ஆலன் டூரிங் 1945 கடைசியில் எழுதி, 1946 தொடக்கத்தில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திடம் கொடுத்த ஏஸ் கணினித் திட்டத்திலேயே இது இருக்கிறது. துணை வேலைக்குப் போகும் முன் திரும்ப வேண்டிய இடத்தைப் "புதை", முடிந்ததும் "தோண்டி எடு" என்று இரண்டு வார்த்தைகளை அவர் வைத்திருந்தார். என்ன பொருத்தமான பெயர்! ஆனால் அந்தத் திட்டம் அவர் வரைந்தபடி முழுதாகக் கட்டப்படவில்லை.

உண்மையில் ஓடியது கேம்பிரிட்ஜில். 1949 மே மாதம் எட்சாக் கணினி முதல் புரோகிராமை ஓட்டியது. அதில் திரும்ப வேண்டிய முகவரியைக் குறித்து வைக்க வன்பொருளில் ஏற்பாடே கிடையாது. அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். கூப்பிடும் புரோகிராம் தான் நிற்கும் இடத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கும். கூப்பிடப்பட்ட துணை வேலை அதை வைத்து, தன்னுடைய கடைசி வரியைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும்: "முடிந்ததும் இந்த இடத்துக்குத் தாவு" என்று. வீலர் தாவல் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. கம்பி இல்லை, சீட்டு இல்லை, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வது மாதிரி. ஒரு கைக்கு ஒரு குறிப்புதான். அந்த வேலை தன்னையே மறுபடி கூப்பிட்டால் பழைய குறிப்பு அழிந்துபோகும். 1965-ல் வந்த பிடிபி-8 கணினியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், துணை வேலையின் முதல் இடத்திலேயே திரும்பும் முகவரி எழுதப்படும்.

எட்சாக் காலத்திலேயே பிழை தேடுவதும் தொடங்கிவிட்டது. அந்தக் குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ் எழுதிய 126 வரி புரோகிராம் ஒன்றின் காகித நாடா பிற்காலத்தில் கிடைத்தது, பிரித்துப் பார்த்தால் அதில் சுமார் 20 பிழைகள். மாடிப்படியில் ஏறும்போது, மிச்சமுள்ள வாழ்நாளில் நல்ல பங்கு என் சொந்தப் பிழைகளைத் தேடுவதிலேயே போய்விடும் போலிருக்கிறதே என்று தோன்றியதாக வில்க்ஸ் பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார். குழுவில் இருந்த ஸ்டான்லி கில் 1951-ல் பிழை கண்டுபிடிப்பதைப் பற்றியே தனியாக ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். புரோகிராம் நின்றுபோன பிறகு நினைவகத்தில் இருப்பதை அச்சடித்துப் பார்ப்பது ஒரு முறை, அதற்கு வைத்த பெயர் பிரேதப் பரிசோதனை. ஓட ஓட ஒவ்வொரு கட்டளையாக அச்சடித்துக்கொண்டே போவது இன்னொரு முறை. இன்றைக்குப் பெரிய பெரிய கருவிகள் வந்துவிட்டாலும் அடிப்படை இந்த இரண்டுதான். செத்த பிறகு அறுத்துப் பார், இல்லாவிட்டால் உயிரோடு இருக்கும்போது பின்னாலேயே நட.

அடுக்கை ஒரு ஒழுங்கான கொள்கையாக்கியது ஜெர்மனியில். முனிக்கைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் பவரும் கிளவுஸ் சாமெல்சனும் 1957-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அவர்கள் வைத்த பெயர் "கெல்லர்", அதாவது நிலவறை. கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஆஸ்திரேலியாவில் சார்ல்ஸ் ஹாம்பிளின் என்ற தத்துவப் பேராசிரியரும் தனியாக இதே யோசனைக்கு வந்திருந்தார். 1960-ல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஒரு வேலை தன்னையே எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ள அடுக்கு எப்படி உதவும் என்று எழுதினார். 1961-ல் பரோஸ் நிறுவனம் அறிவித்த பி5000 கணினியின் வன்பொருளே அடுக்கை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. பெரிய கணினிகளைப் பொறுத்தவரை பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்தது.

ஆனால் நம் கதை பெரிய கணினிகளைப் பற்றியது இல்லை. ஏதோ ஒரு இயந்திரத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்து, திரையும் விசைப்பலகையும் இல்லாமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும் சின்னச் செயலிகளைப் பற்றியது. அப்படிப்பட்டவற்றில் ரொம்பப் பிரபலமான பழைய ஆள், நிலவுக்குப் போன அப்பல்லோ கணினி.

அதில் அடுக்கு கிடையாது. அழித்து எழுதக்கூடிய நினைவகமே மொத்தம் 2048 சொற்கள்தான். திரும்பும் முகவரிக்கு க்யூ என்று ஒரே ஒரு பதிவகம். ஒரு துணை வேலைக்குள்ளிருந்து இன்னொன்றைக் கூப்பிட வேண்டுமானால் புரோகிராம் எழுதுகிறவரே முன்ஜாக்கிரதையாக க்யூவில் இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும். மறந்தால் போச்சு. ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகளுக்கு, ஒவ்வொன்றின் நிலைமையைக் குறித்துக்கொள்ள எண்ணிக்கையில் அடங்கிய சில சின்ன இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1969 ஜூலை 20 அன்று ஈகிள் கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த இடங்கள் தீர்ந்துபோயின. திரையில் 1202 என்று எச்சரிக்கை. அப்போது தேவையே இல்லாத ஒரு ரேடாரின் துடிப்புகள் கணினியின் நேரத்தைத் திருடிக்கொண்டிருந்ததால் வேலைகள் முடியாமல் தேங்கின, புது வேலைக்குச் சீட்டு எழுத இடம் இல்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இடம் தீர்ந்தபோது அந்தக் கணினி என்ன செய்தது என்பதுதான். பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு எண்ணின் மேல் அது எழுதவில்லை. "இடம் இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் இறக்கி வைத்து, முக்கியமான வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. ஹூஸ்டனில் ஜாக் கார்மன் என்ற இளைஞர், சில வாரங்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதே மாதிரி எச்சரிக்கை வந்து எல்லாரும் திணறிய பிறகு, எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கையால் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் ஸ்டீவ் பேல்ஸிடம் "தொடரலாம்" என்று சொன்னார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவேன்.

1971-ல் இன்டெல் 4004 வந்தது. ஒரே சில்லில் ஒரு செயலி. அடுக்கு சில்லுக்குள்ளேயே இருந்தது, ஆனால் மூன்று சீட்டுக்குத்தான் கம்பி. நான்காவது முறை கூப்பிட்டால் பழைய முகவரி ஒன்று சத்தமில்லாமல் அழிந்துவிடும். அடுத்து வந்த 8008-ல் ஏழு. 1974-ல் வந்த 8080-ல்தான் அடுக்கைப் பொது நினைவகத்தில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. ஆனால் விலை குறைந்த செயலிகள் பழைய வழியை விடவில்லை. ரிமோட், பொம்மை, சார்ஜர் என்று எங்கும் நுழைந்த பிக் வகைச் சில்லுகளில் இரண்டு, எட்டு என்று எண்ணி வைத்த அடுக்குகள்தான். எட்டு இடம் உள்ள பிக் சில்லில் ஒன்பதாவது சீட்டைக் குத்தினால் அது முதல் சீட்டின் மேல் போய் உட்காரும், எந்த எச்சரிக்கையும் வராது. 1980-ல் வந்த இன்டெல் 8051-ல் உள் நினைவகமே 128 பைட். அதிலேயே அடுக்கு, அதிலேயே எல்லாக் கணக்கும். நம்ம ஊர் எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் எத்தனையோ பேர் புராஜெக்டுக்கு இதை வைத்துத்தான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள், ஹாஸ்டலில் என் ரூம்மேட் உட்பட. எனக்கு இந்த விஷயமே அவன் வாயால்தான் முதலில் தெரிய வந்தது.

சரி, அடுக்கு நிரம்பி வழிந்தால் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு கஷ்டம்? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நம் மேஜைக் கணினியில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் சுவர் உண்டு. அடுக்கு எல்லை மீறினால் இயங்குதளம் அந்த இடத்திலேயே அந்தப் புரோகிராமைக் கொன்றுவிடும். சின்னச் செயலிகள் பலவற்றில் சுவரே கிடையாது. நினைவகம் ஒரே ஹால். ஒரு பக்கம் புரோகிராமின் எண்கள், இன்னொரு பக்கத்திலிருந்து அடுக்கு அவற்றை நோக்கி வளர்ந்துகொண்டு வரும். எல்லை தாண்டினால் எதுவும் உடனே நடக்காது. பக்கத்து வீட்டுக்காரரின் எண் ஒன்று மாறியிருக்கும், அவ்வளவுதான். அந்த எண்ணை யாராவது எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் கோளாறு தெரியும். அது ஒரு விநாடி கழித்தும் இருக்கலாம், மூன்று நாள் கழித்தும் இருக்கலாம். அடிபட்டவன் ஒருவன், அடித்தவன் இன்னொருவன், அடித்தவன் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டான். பிரேதப் பரிசோதனை செய்தால் அடிபட்டவன்தான் கிடைப்பான்.

அதைவிட மோசம், விசாரணைக்கு உதவும் சாட்சியும் அந்த அடுக்குதான். புரோகிராம் நின்றுபோனால் பொறியாளர் முதலில் பார்ப்பது, யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்தோம் என்ற வரிசையை. அடுக்கில் கிடக்கும் சீட்டுகளைப் பின்னோக்கிப் படித்தால் அது கிடைக்கும். அடுக்கே கெட்டுப்போயிருந்தால் படிப்பது எல்லாம் குப்பை. ஆடிட்டர் வந்து பார்க்கும்போது வவுச்சர் கட்டே எரிந்துபோயிருப்பது மாதிரி. அப்போது கையால்தான் தேட வேண்டும். அடுக்கு இருந்த இடத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, இது புரோகிராம் வரிகள் இருக்கும் பகுதியின் முகவரியா என்று பார்ப்பார்கள். ஆம் என்றால், அதற்கு முந்தைய கட்டளை உண்மையிலேயே ஒரு "கூப்பிடு" கட்டளைதானா என்று சரிபார்ப்பார்கள். இரண்டும் பொருந்தினால் அது ஒரு நிஜச் சீட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. இப்படி ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போன வழியைத் திரும்பக் கட்டுவது. கரிந்த காகிதத் துண்டுகளை ஒட்டிக் கணக்கு எழுதுகிற வேலை.

எட்டிப் பார்க்கக் கருவியும் வேண்டுமே. 1975-ல் இன்டெல் ஐஸ்-80 என்று ஒன்று விற்றது. செயலியைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியில் இந்தக் கருவியின் வாலைச் செருகினால், அது செயலி மாதிரி நடித்துக்கொண்டே உள்ளே நடப்பதைக் காட்டும். எல்லாராலும் வாங்கக்கூடிய விலை இல்லை. வாங்க முடியாதவர்கள் ஒரு சின்ன விளக்கை விட்டு விட்டு எரியவிட்டு, அது எங்கே நின்றது என்பதை வைத்து ஊகித்தார்கள். 1990-ல் ஜேடேக் என்ற தரம் வந்தது. சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள், ஆனால் அந்த நாலைந்து கம்பி வழியாகவே செயலியை நிறுத்தி உள்ளே பார்க்கலாம் என்று ஆனதும் பிழை தேடுகிறவர்களுக்கு அதுவே வாசல் ஆகிவிட்டது.

இன்னொரு நாட்டு வைத்தியம் உண்டு, எனக்கு அதுதான் அழகாகத் தெரிகிறது. தொடங்கும்போதே அடுக்குக்கு ஒதுக்கிய இடம் முழுக்க ஏதாவது ஒரு அடையாள எண்ணை நிரப்பி விடுவது. பதினாறடி எண்முறையில் "டெட்பீஃப்" என்று படிக்கும்படி வரும் ஒரு எண் இதற்கு ரொம்பப் பிரபலம் (அதாவது செத்த மாட்டிறைச்சி, பொறியாளர் நகைச்சுவை இப்படித்தான் இருக்கும் போல :-)). சில நாள் ஓடவிட்டு, அந்த எண் எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால் அடுக்கு அதிகபட்சம் எவ்வளவு உயரம் வந்தது என்று தெரியும். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு சென்னையில் வீட்டுச் சுவர்களில் ஒரு கோடு நின்றதே, அதே மாதிரி.

ஆனால் அந்தக் கோடு வந்த வெள்ளத்தைத்தான் காட்டும், வரப்போகிற வெள்ளத்தைக் காட்டாது. வேலைக்குள் வேலை, அதற்குள் வேலை என்று மிக ஆழத்தில் இருக்கும் அந்த ஒரு கணத்தில் வெளியிலிருந்து ஒரு குறுக்கீடும் வந்து சேர்ந்தால்தான் உச்சம். அது ஆய்வுக்கூடத்தில் ஒரு வருடம் ஓட்டினாலும் நடக்காமல் போகலாம். அதனால் ஓட்டிப் பார்க்காமல், புரோகிராமைப் படித்தே கணக்குப் போட வேண்டும் என்று ஒரு தரப்பு சொன்னது. யார் யாரைக் கூப்பிடலாம் என்று மரம் வரைந்து, இருப்பதிலேயே நீளமான கிளையைக் கூட்டிப் பார்ப்பது. 2003-ல் யூட்டா பல்கலைக்கழகத்தின் ஜான் ரெகரும் அவருடைய கூட்டாளிகளும் குறுக்கீடுகளையும் சேர்த்து இந்தக் கணக்கை இயந்திரமே போடும் வழியை வெளியிட்டார்கள். இதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று, யாரைக் கூப்பிடப் போகிறோம் என்பதை ஓடும்போதுதான் முடிவு செய்யும் அழைப்புகள். மற்றொன்று, தன்னைத்தானே கூப்பிடும் வேலை. அது எத்தனை முறை கூப்பிடும் என்று தெரியாவிட்டால் கூட்டலுக்கு முடிவே இல்லை. அதனால்தான் கார் துறைக்காக 1998-ல் வந்த மிஸ்ரா விதிகள் தன்னைத்தானே கூப்பிடுவதைத் தடை செய்தன. டைக்ஸ்ட்ரா 1960-ல் கொண்டாடிய அதே விஷயம்!

இப்போது ஓக்லஹோமாவுக்கு வருவோம்.

2007 செப்டம்பரில் அங்கே 76 வயதுப் பெண்மணி ஒருவர் 2005-ஆம் வருட டொயோட்டா கேம்ரி ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்து இருக்கையில் அவருடைய தோழி. நெடுஞ்சாலையிலிருந்து கீழே இறங்கும்போது வண்டி நிற்கவில்லை. சாலையில் டயர் தேய்ந்த கோடு இருந்தது. வண்டி சாலையைத் தாண்டி மண்மேட்டில் மோதியது. தோழி இறந்துபோனார், ஓட்டியவர் படுகாயம் அடைந்தார்.

அந்தக் காலகட்டத்தில் டொயோட்டா வண்டிகள் தானாக வேகமெடுக்கின்றன என்று அமெரிக்காவில் நிறையப் புகார்கள். கால்மிதியும் ஒட்டிக்கொள்ளும் பெடலும்தான் காரணம் என்று நிறுவனம் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்பப் பெற்றது. மின்னணுவில் கோளாறு உண்டா என்று பார்க்க அரசு நாசாவிடம் கேட்டது. 2011 பிப்ரவரியில் வந்த அறிக்கை, அப்படிப்பட்ட மின்னணுக் காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றது. கூடவே, ஆதாரம் கிடைக்கவில்லை என்பதால் அது நடக்கவே முடியாது என்று அர்த்தமில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தது. ஆடிட் ரிப்போர்ட் படிக்கிறவர்களுக்கு இந்த மாதிரி வரியின் எடை தெரியும்.

ஓக்லஹோமா வழக்கு 2013 அக்டோபரில் விசாரணைக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் தரப்பில் மைக்கேல் பார் என்ற மென்பொருள் நிபுணர் சாட்சி. எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வைக் கட்டுப்படுத்தும் புரோகிராமை அவருடைய குழு படித்தது. எப்படிப் படித்தது என்பதே ஒரு கதை. காவல் போட்ட ஒரு தனி அறை, இணையம் கிடையாது, செல்போன் கூடாது, ஒரு காகிதம்கூட வெளியே எடுத்து வர முடியாது.

அவர் சொன்னவற்றில் நம் கதைக்கு வேண்டியது இது. அடுக்குக்கு ஒதுக்கிய இடத்தில் மிக மோசமான நிலையிலும் 41 சதவீதம்தான் பயன்படும் என்று நிறுவனத்தின் கணக்கு. பார் கூட்டிப் பார்த்தபோது வந்தது 94 சதவீதம். அதிலும் தன்னைத்தானே கூப்பிடும் வேலைகளைச் சேர்க்காமல்! (ஆமாம், மிஸ்ரா தடை செய்த அதே விஷயம் அந்தப் புரோகிராமில் இருந்தது.) 41-க்கும் 94-க்கும் நடுவில் விட்டுப்போனது எது? ஓடும்போது முடிவாகும் அழைப்புகள் சில, நூலக வேலைகளும் நேரடியாகச் செயலி மொழியில் எழுதிய வேலைகளும், இயங்குதளம் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எடுத்துக்கொள்ளும் இடம். யாரும் வேண்டுமென்று பொய் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. குடோனுக்குப் போய் எண்ணாமல், புத்தகத்தில் இருக்கும் இருப்பையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது.

அடுக்கின் எல்லைக்கு அப்பால் பக்கத்து வீட்டில் இருந்தது யார்? எந்தெந்த வேலை ஓட வேண்டும் என்று இயங்குதளம் குறித்து வைத்திருக்கும் பட்டியல். அதில் ஒரு பிட் மாறினாலும் ஒரு வேலை சத்தமில்லாமல் செத்துப்போகலாம். நீதிமன்றத்தில் உண்மைப் பெயரை மறைத்து "டாஸ்க் எக்ஸ்" என்று குறிப்பிட்ட ஒரு வேலை, வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதிலிருந்து கோளாறுகளைக் கண்காணிப்பது வரை பலவற்றைத் தன் தலையில் சுமந்துகொண்டிருந்தது. அது செத்தால் வால்வு கடைசியாகச் சொன்ன நிலையிலேயே நிற்கும், அதைக் கவனிக்க வேண்டிய கண்காணிப்பும் கூடவே செத்திருக்கும். புரோகிராம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் காவல்நாய் டைமர் ஒன்று இருந்தது. ஆனால் அதற்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது தனியாக வந்துபோகும் ஒரு கடிகாரக் குறுக்கீடு. வீட்டில் யார் செத்தாலும் நேரத்துக்குச் சோறு வருவதால் நாய் குரைக்கவில்லை.

இங்கே நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தக் குறிப்பிட்ட நாளில், அந்தக் குறிப்பிட்ட வண்டியில் அடுக்கு வழிந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவும் முடியாது, அப்படி நடந்ததைப் பதிந்து வைக்க எதுவும் இல்லை. வண்டியை அணைத்துப் போட்டால் அந்த நினைவகத்தில் இருந்தது எல்லாம் போய்விடும். டொயோட்டா தன் மென்பொருளில் தவறில்லை என்றுதான் வாதாடியது. ஜூரி இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு நிறுவனத்துக்கு எதிராக, மொத்தம் 30 லட்சம் டாலர் இழப்பீடு என்று முடிவு சொன்னது. அதற்கு மேல் தண்டனைத் தொகை எவ்வளவு என்று தீர்மானிக்கும் முன்பே இரு தரப்பும் ரகசியமாகச் சமரசம் ஆகிவிட்டன. 2014 மார்ச்சில் அந்த நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியதும் உண்டு. ஆனால் அது பெடல், கால்மிதி விஷயத்தில் மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக, மென்பொருளுக்காக இல்லை. இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

என்னைக் கேட்டால், விபத்துக்கு அதுதான் காரணமா என்பதை விட 41-ஐ 94 என்று கண்டுபிடிக்க ஒரு உயிர் போய், ஆறு வருடம் ஆகி, காவல் போட்ட அறையும் நீதிமன்றமும் தேவைப்பட்டது என்பதுதான் உறுத்துகிறது. அடையாள எண்ணை நிரப்பிக் கோடு பார்ப்பது அப்போதே பழைய வித்தை. 1969-ல் நிலவுக்குப் போன கணினிக்கு "இடம் இல்லை" என்று சொல்லத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு வன்பொருளிலேயே வழி வந்தது. ஏஆர்எம் நிறுவனம் 2015-ல் அறிவித்த புதிய சின்னச் செயலி வடிவமைப்பில் அடுக்கின் எல்லைக்கென்றே தனிப் பதிவகங்கள் உண்டு. சீட்டு அந்தக் கோட்டைத் தாண்டினால் எழுதும் முன்பே செயலி நின்று குற்றம் சொல்லும். அதற்கு முந்தைய கார்டெக்ஸ் வகைச் செயலிகளில் கோளாறு வந்ததும் எட்டு எண்களைத் தானாக அடுக்கில் குறித்து வைக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் கோளாறே அடுக்கு நிரம்பியதுதான் என்றால் அந்த எட்டை எங்கே எழுதுவது? அதற்கென்று தனியாக இன்னொரு பிழைக் குறியீடு வைத்திருக்கிறார்கள். செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. அடுக்கையும் மற்ற எண்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டால், வழியும் அடுக்கு பக்கத்து வீட்டுக்குள் போகாமல் நினைவகத்தின் முனையிலிருந்தே கீழே விழும், பல செயலிகள் அங்கேயே நின்றுவிடும்.

ரூம்மேட்டின் 8051 புராஜெக்டில் என்ன ஆச்சு என்று கேட்பீங்க. வைவாவுக்கு முந்தின ராத்திரி வரை திரையில் வெப்பநிலை 28 டிகிரிக்குப் பதிலாக அவ்வப்போது 204 காட்டியது. சென்சார் போச்சு என்று இரண்டு புது சென்சார் வாங்கிப் போட்டான். கடைசியில், அடுக்கு தொடங்கும் இடத்தை மாற்றும் ஒரே ஒரு வரியைப் புரோகிராமின் தலையில் சேர்த்ததும் 28-க்கு வந்து நின்றது. அந்த இரண்டு சென்சாரும் இன்னும் எங்கள் ரூம் ஜன்னலில்தான் கிடக்கின்றன, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்க.